மில்லிமீட்டரை அளக்கும் கைகள்

வளர்ந்த மனிதரின் கண், முன்னால் இருக்கும் கருவிழியிலிருந்து பின்னால் இருக்கும் விழித்திரை வரை ஏறக்குறைய 23.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடும், குறையும். மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்து மதுரை அண்ணா நகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில் காத்திருக்கும் ஒரு பெரியவரை எடுத்துக்கொள்வோம். கண்ணில் புரை. எடுத்துவிட்டு உள்ளே செயற்கை லென்ஸ் வைக்க வேண்டும். அவருடைய கண்ணின் நீளம் தெரியாமல், எந்தப் பவர் லென்ஸ் அவருக்குப் பொருந்தும் என்று எவ்வளவு கைதேர்ந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அந்த நீளத்தை அளந்து சொல்பவர் பெரும்பாலும் ஒரு இளம்பெண். பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பிளஸ் டூ முடித்து, இரண்டு வருடம் பயிற்சி பெற்றவர். நோயாளிகள் அவரை ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுகிறார்கள்.

பெண்களும் அறிவியலும் என்று பேச்செடுத்தால், நம் பள்ளிகளில் மேரி கியூரியில் தொடங்கி கல்பனா சாவ்லாவில் முடித்துவிடுகிறோம். இருவரும் மாபெரும் மனுஷிகள். ஆனால் உசிலம்பட்டியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண், சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் படங்களைப் பார்த்துத் தனக்கு ஒரு வழியைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. அறிவியலுக்குள் நுழைய வழிகள் பல. மதுரையில் கண்ணைச் சுற்றி நடக்கும் வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே அதில் பாதியைக் காட்டிவிடலாம்.

சிஸ்டரின் அளவீட்டை முதலில் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ‘ஏ ஸ்கேன்’ என்று சொல்லப்படும் கருவி, பேனா போன்ற ஒரு முனையிலிருந்து கேளா ஒலியைக் கண்ணுக்குள் அனுப்புகிறது. ஒலி கருவிழியில் பட்டு, லென்ஸின் முன்புறத்திலும் பின்புறத்திலும் பட்டு, கடைசியில் விழித்திரையில் பட்டுத் திரும்புகிறது. கண்ணுக்குள் ஒலியின் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 1,550 மீட்டர். அப்படியானால் 23.5 மில்லிமீட்டர் போய்த் திரும்ப ஆகும் நேரம், ஒரு நொடியை லட்சமாகக் கூறுபோட்டால் அதில் மூன்று கூறு. கருவி அந்த நேரத்தை நீளமாக மாற்றித் திரையில் காட்டும். நிமிர்ந்து நிற்கும் கூரிய கோடுகள் சரியாக வந்தனவா, விழித்திரைக் கோடு செங்குத்தாக எழுந்ததா, முனை சாய்ந்துவிட்டதா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டியது அந்தப் பெண்தான்.

அடுத்து கருவிழியின் வளைவை அளக்க வேண்டும். பிறகு கணக்கு. சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், கிராஃப் என்ற மூன்று மருத்துவர்கள் 1980-ஐ ஒட்டி உருவாக்கிய சூத்திரம் எளிமையானது. லென்ஸ் வகைக்கென்று ஒரு நிலையெண் உண்டு, அதை 118.4 என்று வைப்போம். அதிலிருந்து கண் நீளத்தை 2.5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். கருவிழியின் பவரை 0.9-ஆல் பெருக்கி அதையும் கழிக்க வேண்டும். கண் நீளம் 23.5, கருவிழிப் பவர் 44 என்றால், 118.4-இலிருந்து 58.75-உம் 39.6-உம் போக மீதி 20.05. லென்ஸ் பவரின் அலகான டயாப்டரில் சொன்னால், இவருக்கு 20 டயாப்டர் லென்ஸ். இப்போது இதைவிடத் துல்லியமான சூத்திரங்களும், கண்ணைத் தொடாமலே ஒளியால் அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதை இந்தப் பழைய சூத்திரம்தான் பளிச்சென்று காட்டுகிறது. நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் லென்ஸ் பவரில் 2.5 டயாப்டர் பிசகும்.

கருவிழி மெத்தென்றிருக்கும். முனையைச் சற்றே அழுத்திவிட்டால் கண் உள்வாங்கி, உண்மையைவிடக் குட்டையாகக் காட்டும். 0.3 மில்லிமீட்டர் அழுந்தினாலே முக்கால் டயாப்டர் அதிகமான லென்ஸ் தேர்வாகிவிடும். அறுவை சிகிச்சை எவ்வளவு நேர்த்தியாக நடந்தாலும், கட்டு அவிழ்த்த பிறகு பெரியவருக்குத் தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை மங்கலாகத்தான் தெரியும். அழுத்தாமல், அதே சமயம் விலகாமல், கருவிழியின் நடுவில் முனையைத் தொட்டும் தொடாமலும் பிடிக்கும் அந்தப் பக்குவம் கைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். பிழை எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே அறிந்து அதைத் தடுப்பவரை இயற்பியல் ஆய்வகத்தில் பார்த்தால் சோதனை விஞ்ஞானி என்போம். இங்கே மட்டும் ‘உதவியாளர்’ என்று ஏன் நிறுத்திக்கொள்கிறோம் என்பது எனக்குள் வெகுநாளாக இருக்கும் வருத்தம்.

இந்த ஏற்பாடு தற்செயலாக வந்ததல்ல. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். கூட நின்றவர்களில் முக்கியமானவர் அவருடைய தங்கை டாக்டர் ஜி. நாச்சியார். அவரும் கண் மருத்துவர். நரம்பு சார்ந்த கண் நோய்களில் தனிப் பயிற்சி பெற்றவர். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை வளர்த்தெடுத்தவரும் அவரே. பார்வைத் திறன் சோதனை, கண்ணழுத்தம் பார்த்தல், கண்ணாடிப் பவர் கண்டுபிடித்தல், அறுவை அரங்கில் கருவி எடுத்துக் கொடுத்தல், நோயாளியிடம் பேசித் தைரியம் சொல்லுதல் எனத் தனித்தனித் துறைகளில் அவர்கள் தேர்ச்சி பெற்றார்கள். மருத்துவர் செய்தே ஆக வேண்டியதை மட்டும் மருத்துவரிடம் விட்டார்கள். அரவிந்தில் ஒரு அறுவை மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 கண்புரை அறுவை சிகிச்சைகள் செய்ய முடிவதன் ரகசியம் இதுதான். நாட்டின் சராசரி இதில் கால்பங்குகூட இல்லை. இந்தச் சாதனையைப் பற்றி உலகத்து மேலாண்மைக் கல்லூரிகள் எல்லாம் பாடம் நடத்துகின்றன. பாடத்தில் ஒரு மனிதரின் பெயர் வருகிறது. அது நியாயம்தான். சிஸ்டர்களின் அறிவும் அந்தப் பாடத்தில் அதே அளவுக்கு வர வேண்டும்.

லென்ஸின் கதைக்கு வருவோம். முன்பெல்லாம் புரையை எடுத்துவிட்டு, வெளியே தடித்த ‘சோடாபுட்டி’ கண்ணாடி போட்டு அனுப்புவார்கள். அதில் எல்லாப் பொருளும் கால்பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் ஒரு வளையம் அளவுக்குப் பார்வையே இருக்காது. வரப்பில் நடக்கிறவருக்கு அது எவ்வளவு ஆபத்து! லண்டன் மருத்துவர் ஹரால்டு ரிட்லி, போரில் அடிபட்ட விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் தங்கியும் கண் அவற்றை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்து, அதே பிளாஸ்டிக்கில் 1949-இல் முதல் லென்ஸைக் கண்ணுக்குள் வைத்தார். ஆனால் 1980-களின் இறுதியிலும் இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. மதுரை ஏழைக்கு அது எட்டாக்கனி.

1992-இல் அரவிந்த் தன்னுடைய ஆரோலேப் தொழிற்கூடத்தைத் தொடங்கியது. கடைசல் இயந்திரத்தில் பிளாஸ்டிக் வில்லையை வளைவாகச் சீவி, லென்ஸைக் கண்ணுக்குள் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய கொக்கிகளை அமைத்து, பிறகு மெருகேற்ற வேண்டும். லென்ஸின் ஒளிபுகும் பகுதி ஆறு மில்லிமீட்டர் அகலம்தான். வளைவில் ஏற்படும் நூலிழை மாற்றம் பவரை மாற்றிவிடும். ஒரு கீறல், ஒரு தூசு இருந்தாலும் தள்ளுபடி. முகமூடி, தலையுறை, முழு அங்கி போட்டுக்கொண்டு தூய அறைக்குள் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து ஒவ்வொரு லென்ஸாகச் சோதிக்கிறவர்களில் பெரும்பாலோர் மதுரையைச் சுற்றிய கிராமத்துப் பெண்கள். விலை பத்து டாலருக்கு இறங்கி, பிறகு அதற்கும் கீழே போனது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இந்த லென்ஸ் போகிறது. கண் அறுவைக்கான தையல் நூலும் அங்கேயே தயாராகிறது. அதில் மெல்லிய ரகம், தலைமுடியில் பாதிகூட இல்லாத நைலான் இழை. அதை ஊசியின் பின்துளையில் பொருத்துவது நுண்ணோக்கி வழியாகச் செய்யும் வேலை. பொருளறிவியல் என்ற பாடத்தைக் கல்லூரியில் படித்து வந்தவர்களும், கையால் கற்று வந்தவர்களும் சேர்ந்து செய்கிற வேலை அது.

பட்டம் இருந்தால்தான் விஞ்ஞானியா என்ற கேள்வி இங்கே எழும். அதற்கு அன்னா மணியைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1940-இல் பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்து வைரங்களும் மாணிக்கங்களும் உமிழும் ஒளியை ஆராய்ந்தார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதி, 1945-இல் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. படிக்கவில்லை என்பதைக் காரணம் காட்டிச் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்துவிட்டது. அவர் முடங்கவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948-இல் திரும்பி, புணேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, நம் நாட்டிலேயே செய்யவைத்தார். தவறான அளவு, அளவே இல்லாததைவிட மோசம் என்பது அவர் கொள்கை. ஓய்வுக்குப் பிறகும் நாட்டின் வெயிலையும் காற்றையும் அளந்து, 1980-களின் தொடக்கத்தில் தரவு நூல்களாகத் தொகுத்தார். மதுரைக்குத் தெற்கே கமுதியில் 2016-இல் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைப் பார்க்கும்போது எனக்கு அவர் நினைவுதான் வரும். வெயிலை எண்ணாக்கும் வேலையை இந்த நாட்டில் முறைப்படுத்தியவர் முனைவர் பட்டம் இல்லாத ஒரு பெண்.

சிஸ்டர்களைப் போன்றவர்களின் பணியை மதிப்பதில் சட்டம் தாமதமாகத்தான் கண் திறந்தது. மருத்துவத் துணைத் தொழில்களுக்கான தேசிய ஆணையத்தை அமைக்கும் சட்டம் 2021-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கண் பரிசோதனை சார்ந்த பணிகளும் அதன் பட்டியலில் உள்ளன. பாடத்திட்டம், பதிவு, பதவி உயர்வு எல்லாம் இதையொட்டி ஒழுங்காக அமைந்தால், இரண்டு வருடப் பயிற்சியோடு தொடங்கும் பெண் அங்கேயே நின்றுவிடாமல் மேலே படிக்கவும் போகவும் ஏணி கிடைக்கும். அமைய வேண்டும்.

அடுத்தது, என்னை மிகவும் நெகிழவைத்த ஆய்வு. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். முற்றினால் கருவிழி உருகிக் குழந்தை பார்வையையே இழக்கும். இது பழைய செய்தி. 1986-இல் ஆல்ஃபிரட் சோமர் குழுவினர் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியிலிருந்து வேறொரு செய்தி சொன்னார்கள். வைட்டமின் ஏ கொடுத்த ஊர்களில் குழந்தை இறப்பே மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பலர் நம்ப மறுத்தார்கள். ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலி மருந்து கொடுக்கவில்லையே என்று குறை சொன்னார்கள். அந்தக் குறையில் நியாயம் இருந்தது.

அதைத் தீர்க்கும் ஆய்வுகளில் ஒன்றை முன்னின்று நடத்தியவர் மதுரை அரவிந்தைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி ரஹ்மத்துல்லா. அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் பார்பரா அண்டர்வுட் அதில் உடன் நின்றார். பள்ளி வயதை எட்டாத 15,419 குழந்தைகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவாகக் கொடுக்கும் வழக்கத்தை விட்டு, வாரம் ஒருமுறை 8,333 யூனிட் என்ற சிறிய அளவைக் கொடுத்தார்கள். முருங்கைக்கீரையும் பப்பாளியும் ஒழுங்காகச் சாப்பிடும் குழந்தைக்கு உணவிலேயே கிடைக்கக்கூடிய அளவு அது. இரண்டு குழுக்களுக்கும் வைட்டமின் ஈ உண்டு. ஒரு குழுவுக்கு மட்டும் அதோடு வைட்டமின் ஏ. எது யாருக்கு என்பது பெற்றோருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது.

யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்? சமூக நலத் தொண்டர்கள். வாரந்தோறும் வீடுவீடாகப் போய் வாயில் ஊற்றி, காய்ச்சலா, வயிற்றுப்போக்கா என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார்கள். எந்த வாரத்திலும் 88 சதவீதத்துக்குக் குறையாத குழந்தைகளைப் பார்த்துவிட்டார்கள். ஓராண்டுக்குக் கணக்குப் போட்டால் சுமார் ஏழு லட்சம் சந்திப்புகள் வருகின்றன. மழையிலும் அறுவடையிலும் திருவிழாவிலும் விடாமல் நடந்து பிடித்த தரவு அது. 1990 அக்டோபரில் முடிவு அமெரிக்காவின் முதன்மையான மருத்துவ இதழில் வெளிவந்தது. வைட்டமின் ஏ பெற்ற குழுவில் இறப்பு, மற்றக் குழுவோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கும், நெடுநாள் ஊட்டம் குன்றியவர்களுக்கும் பலன் மிக அதிகம். வைட்டமின் ஏ கண்ணை மட்டும் காப்பதில்லை. குடலையும் மூச்சுக்குழாயையும் உள்ளே போர்த்தியிருக்கும் தோலையும் அதுவே பழுதில்லாமல் வைக்கிறது. அந்தப் போர்வை கிழிந்தால் சாதாரண வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் உயிரைக் குடிக்கின்றன.

லட்சுமி ரஹ்மத்துல்லா அங்கே நிற்கவில்லை. தமிழகத்தின் இரண்டு மாவட்டக் கிராமங்களில் 11,619 பச்சிளங் குழந்தைகளுக்குப் பிறந்த 48 மணி நேரத்துக்குள் வைட்டமின் ஏ அல்லது போலி மருந்து கொடுத்த ஆய்வை 2003-இல் வெளியிட்டார். ஆறு மாதத்துக்குள் இறப்பு 23 சதவீதம் குறைந்திருந்தது. பிற நாடுகளில் பிறகு நடந்த ஆய்வுகள் ஒரே மாதிரி முடிவு தரவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பச்சிளங் குழந்தைகளுக்கு இதை வழக்கமாகக் கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் ஆறு மாதம் கடந்த குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் இன்று கொடுக்கும் வைட்டமின் ஏ சொட்டுக்குப் பின்னால் இருக்கும் சான்றுகளில் மதுரையின் பங்கு நிலையானது.

கடைசியாக, மதுரை வட்டாரத்தில் அதிகம் வரும் ஒரு நோய். கதிர் அடிக்கும்போதோ நெல் தூற்றும்போதோ ஒரு துரும்பு கண்ணில் கீறிவிடும். வயலில் வாழும் பூஞ்சை அந்தக் கீறலில் குடியேறும். சில நாளில் கருவிழி வெளுத்துப் புண்ணாகும். ஊரில் ‘கண்ணுல பூ விழுந்திருச்சு’ என்பார்கள். 1993-இல் மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்ததாகக் கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைவிட இது பத்து மடங்கு. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை, அதாவது அறுவடைக் காலத்தில், அரவிந்துக்கு இந்தப் புண்ணோடு வந்தவர்கள் 434 பேர். மூன்றில் இரண்டு பேர் கண்ணில் முன்னதாக ஏதோ பட்டதாகச் சொன்னார்கள். பாக்டீரியாவுக்கு ஏறக்குறைய இணையாகப் பூஞ்சை இருந்தது. பூஞ்சைகளில் பாதியை ஒட்டி ஃபியூசேரியம் என்ற ஒரே பேரினம்.

பாக்டீரியாவா பூஞ்சையா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. இங்கேதான் நுண்ணுயிரியல் ஆய்வகம் வருகிறது. அரவிந்தில் அந்தத் துறையை வளர்த்தவர் டாக்டர் லலிதா பிரஜ்னா. புண்ணின் விளிம்பில் மெல்லச் சுரண்டி எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுகிறார்கள். மனிதத் திசு கரைந்து தெளிகிறது. பூஞ்சையின் சுவர் கரைவதில்லை. நுண்ணோக்கியில் கிளைவிட்டு ஓடும் இழைகள், நடுநடுவே குறுக்குச் சுவர்களோடு தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. மீதிச் சுரண்டலை உருளைக்கிழங்குச் சாறு கலந்த ஊடகத்தில் வளர்த்து, நாட்கள் கழித்து பிறை வடிவ வித்துகளைப் பார்த்தால் ஃபியூசேரியம் என்று பெயரும் சொல்லிவிடலாம். தகட்டைத் தயார் செய்பவர், சாயம் ஏற்றுபவர், ஊடகம் காய்ச்சுபவர், படித்துச் சொல்பவர் என்று ஒவ்வொரு படியிலும் தேர்ந்த கண்ணும் கையும் வேண்டும்.

பூஞ்சைப் புண்ணுக்கு எந்த மருந்து மேல் என்ற பெரிய கேள்வியை 2010-இல் அரவிந்த் அணி எடுத்தது. நாட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்து ஒரு பக்கம்; விலை கூடிய, புதிய வோரிகொனசோல் இன்னொரு பக்கம். மேலை நாட்டு மருத்துவர்கள் பலர் புதியதற்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். மதுரை, புதுச்சேரி, கோவை அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். புதிய மருந்து பெற்றவர்களுக்குக் கருவிழியில் ஓட்டை விழுவது அதிகமாக இருந்ததால், கண்காணிப்புக் குழு ஆய்வை 2011 முடிவோடு நிறுத்தச் சொன்னது. பழைய மருந்தே மேல். அதுவும் ஃபியூசேரியம் என்று ஆய்வகம் உறுதிசெய்தவர்களிடம், எழுத்துப் பலகையில் நான்கு வரி கூடுதலாகப் படிக்கும் அளவுக்கு வித்தியாசம். ஆய்வகம் பூஞ்சையின் பெயரைப் பிரித்துச் சொல்லியிருக்காவிட்டால் இந்த முடிவின் உயிர்ப்பகுதி சராசரிக்குள் மறைந்திருக்கும். நாட்டாமைசின் இன்று மதுரையில் ஆரோலேபிலேயே தயாராகிறது.

மருந்து இருந்தாலும் நாள் கடந்தால் பயனில்லை. அதனால்தான் தேனி, மதுரைப் பக்கத்துச் சிற்றூர்களில் அரவிந்த் திறந்துள்ள கண் பரிசோதனை மையங்கள் முக்கியம். அங்கே மருத்துவர் இருக்கமாட்டார். பயிற்சி பெற்ற பெண் இருப்பார். திரை வழியாக மருத்துவர் பேசுவார். களத்திலிருந்து நேரே வந்தவரின் கண்ணில் அந்தப் பெண் ஃபுளோரசின் தாளைத் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தை அடிப்பார். தோல் உரிந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். அதன் நீளத்தையும் அகலத்தையும் அளந்து எழுதிக்கொள்வார். கைவைத்தியமாக எண்ணெய் விட்டிருக்கலாம், தாய்ப்பால் விட்டிருக்கலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால், பூஞ்சை இன்னும் வேகமாகப் பரவும். ஆகவே விளக்கை அணைத்ததும் அவர் கேட்பது, “அண்ணே, இதுக்கு முன்னாடி என்ன மருந்து விட்டீங்க, பாட்டிலைக் கொண்டாந்திருக்கீங்களா?” பாட்டிலை வாங்கிப் பெயரைப் படித்துப் பார்த்து, படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பி, அந்தச் சொட்டை நிறுத்தச் சொல்லி, அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போகச் சீட்டு எழுதுகிறார்.